எண்ணூர் ரோட்டுக்கு ஒரு ஸ்பிரிங்

— இன்னும் திருப்புங்க பீம்ராவ் அண்ணே. கெட்டியாகட்டும்.

— இதுக்கு மேல திருப்புனா இது காரா இருக்காது சுடலை, கட்ட வண்டியா பூடும். புது ஷாக்கு, புது ஸ்பிரிங்கு, நாலு சக்கரத்துக்கும் மாட்டியாச்சு. பெரியவரு குந்திகினு வரப்போறாரேன்னு மெத்துனு வெச்சிகீறேன். பானெட்ட அமுக்கிப் பாரு. ஒரே தபா எழுந்து நின்னுடும். பழசு மாதிரி ஆடாது.

— அமுக்கிட்டேன். இலவம்பஞ்சு கணக்கா இருக்கு. நான் கேட்டது இது இல்ல.

— ரேஸ் பசங்க மாட்ற சாமான வாங்கியாந்து குடுத்தே, சரி. அதுல மெத்துன்னும் வெக்கலாம், கெட்டியாவும் வெக்கலாம். அதுக்குத்தான் மேல திருகு வெச்சிகீறான்.

— அப்ப கடைசி வரைக்கும் திருகுங்க.

— இன்னா நைனா பேஜாரா கீது உன்னோட. உன் தங்கச்சி ராமசெல்வி போன் பண்ணுச்சு. ஞாயித்துக்கெழம அண்ணன் அப்பாவ எண்ணூர் வரிக்கும் கூட்டினு போறான், படுத்தே கெடந்த மனுசன் கொஞ்சம் கடக்காத்து வாங்கட்டும்னு. சந்தோசத்துல அழுதுகினே சொல்லுச்சு.

— அவ எதுக்குத்தான் அழல.

— குடோன் படில உருண்டு முதுகு ஒடஞ்சவரு பா. எண்ணூர் ரோடு உனக்குத் தெரியாததா? கன்டெய்னர் லாரி ஓடி ஓடி எடத்துக்கு எடம் பள்ளம். இத்த கெட்டியா வெச்சின்னா ஒவ்வொரு பள்ளமும் நேரா அவுரு முதுகுல ஏறும்.

— ஏறணும்.

— இன்னா சொன்ன?

— ஏறணும்னு சொன்னேன். அதுக்குத்தான் மாத்தச் சொன்னதே. பழைய ஷாக்கு செத்துப் போயி, குழில இறங்கினாலும் தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டுப் போவுது. அவருக்கு எதுக்குண்ணே தொட்டில்?

— டமாசு பண்ணாத தம்பி.

— ஹார்பர் ஏலத்துல அப்பா இதை எடுத்தப்ப எனக்கு ஒன்பது வயசு. மெட்ராஸ்லயே இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரு கிடையாதுன்னு கடைக்கு வாரவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு. அந்த வருசந்தான் அம்மாவ மாடிப்படில இருந்து தள்ளிவிட்டாரு. எண்ணூர் வீட்டுல. இடுப்பு ஒடிஞ்சுட்டு. ஆம்புலன்ஸ் வந்தா போலீஸ் கேள்வி கேக்கும்னு, ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டு போறேன்னு தூக்கி இந்த முன் சீட்டுல வச்சாரு. நான் பின்னால.

— வுழுந்துட்டாங்கன்னுதான் எங்களாண்ட சொன்னாரு.

— குழிக்குக் குழி அம்மா கத்துறா. இவரு திரும்பிக்கூடப் பாக்கல. ‘ஏல, கண்ணாடிய ஏத்து, வெளிய கேக்குது’ன்னாரு. அம்மா மடிக்கு மேல கைய நீட்டி நான்தான் ஏத்துனேன். காசிமேடு தாண்டவும் சத்தம் நின்னுட்டு. வலி போயிட்டுன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சுண்ணே எனக்கு.

— சுடலை…

— மறுநாள் இந்த சீட்டக் கழுவினது யாரு? இதே கல்மண்டபம், இதே ஷெட்டு. அன்னைக்கு வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டீங்களா? இன்னைக்கு மட்டும் என்ன?

— அந்த ஸ்பேனர எடு.

— இந்தாங்க.

— சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கற வழக்கம் எனக்கு கெடையாது. நீ வெக்கணும்னா வெச்சிக்க. பழம் நசுங்கறதுகூட இனிமே சீட்டுல தெரியும்.

— அது போதும்.

— அவுருதான் வலில முனகிகினே கெடக்கறாரே. அது பத்தலியா உனக்கு?

— அந்த ஒண்ணுலதான் எனக்கு நாள் ஓடுது. ரூமுக்குள்ள நான் கால வச்சதும் ஆரம்பிப்பாரு. ராமசெல்வி பக்கத்துல இருந்தா சத்தமே வராது. அந்தக் கச்சேரி எனக்கு மட்டுந்தான். காலைல ரெண்டு நிமிசம் நின்னு கேட்டுட்டுத்தான் கடையத் தொறக்கப் போறது. ஞாயித்துக்கிழமை திரும்பி வாரப்ப ரெண்டு கண்ணாடியும் இறக்கி வச்சு ஓட்டுவேன். எண்ணூர்ல இருந்து காசிமேடு வரைக்கும் எல்லாரும் கேக்கட்டும்.

— டாக்டராண்ட ஒரு தபாவாவது கூட போயிகீறியா?

— ராமசெல்வி போவா. நான் எதுக்கு?

— அதான்.

— என்ன அதான்?

— ஒண்ணும் இல்ல. முடிஞ்சிது. இப்ப அமுக்கு.

— அசையல.

— அசையாது. நீ கேட்டது இதான? சாவிய புடி.

— மூஞ்சி ஏண்ணே இப்படிப் போவுது? பாவமா இருக்கா அவரப் பாத்தா?

— அவரப் பாத்தா இல்ல. கொஞ்ச முன்னாடி வரிக்கும் உன்னப் பாத்துதான் பாவமா இருந்துச்சு. அதனாலதான் ஒண்ணும் தெரியாத மாதிரி பேசிகினு வேலைய பாத்தேன். அவரும் சொல்லாத பீமான்னு கையப் புடிச்சிகினாரு. இப்ப சொல்லிட்டா இன்னான்னு தோணுது.

— என்ன சொல்லாதன்னாரு?

— போன வாரம் பாக்க வந்தேன். கால்ல வெந்நீர் பைய வெச்சிட்டு உன் தங்கச்சி அடுப்பாண்ட பூடுச்சு. தோலு வெந்து, கொப்பளம் ஒடஞ்சி, பாயெல்லாம் தண்ணி. அவுரு என்னாண்ட அரிசி வெல பேசி சிரிச்சிகினு கீறாரு. நெஞ்சுக்குக் கீழ ஒண்ணுமே தெரியாது நைனா அவுருக்கு. வுழுந்த நாள்லேந்து. கத்தி வெச்சி கீறினாலும் தெரியாதாம், டாக்டரே சொல்லிட்டாராம்.

— பொய். அந்த முனகல நான் தினம் கேக்கேன்.

— நீ கேக்கறதுக்குத்தான். ‘அதக் கேட்டாத்தான் அவன் நிம்மதியாக் கடைக்குப் போறான், அவன்கிட்ட இருந்து அதையும் புடுங்காத’ன்னாரு.

— அப்ப ஞாயித்துக்கிழமை?

— நீ எதுக்குக் கூட்டினு போறேன்னு அவுருக்குத் தெரியும். எண்ணூர்லேந்து எந்தெந்த எடத்துல பள்ளம் கீதுன்னு என்னாண்ட வரிசையா கேட்டு மனப்பாடம் பண்ணிகினு கீறாரு, ஒரு பள்ளத்துக்கு லேட்டா கத்துனாலும் நீ கண்டுபுடிச்சிடுவியாம்.