மூணாவது பட்டன் இல்லாத கோட்டு

— அந்தப் படத்தைக் கீழ வையுங்க டெய்லரய்யா. முதல்ல டீயைக் குடிங்க.

— டீ கிடக்கட்டும்மா. தாத்தா காலர்ல மங்கலா ஒரு பேட்ஜ் தெரியுதே, அது சிங்கமா, பூனையா? போன செவ்வாய்க்கிழமை அங்கதானே விட்டோம்?

— கதையைப் பாலத்துல விட்டோம். உங்க தாத்தா ஒத்தை ஆளா நின்னு முன்னூறு பேரை மறிச்சார்...

— மூவாயிரம்.

— போன வாரம் முன்னூறுதான்!

— இருட்டும்மா. அன்னைக்கு சரியா எண்ண முடியலை.

— யாரால? உங்களாலயா?

— தாத்தாவாலதான். ஒரு கையில துப்பாக்கி, மறு கையில குதிரை...

— குதிரையைக் கையிலயா?

— காலொடிஞ்ச குதிரைம்மா. விட்டுட்டு வர மனசு வரலை.

— சிரிக்க வைக்காதீங்க. இன்னைக்கு... இன்னைக்கு உங்க ஃபைலை முடிச்சாகணும்.

— என்ன அவசரம்? இன்னும் பெல்ட் பார்க்கலை, தொப்பி பார்க்கலை...

— ஒரே ஒரு படத்தை வச்சு எந்தப் பட்டாள ரெஜிமெண்ட்னு கண்டுபிடிக்க பதினாலு வாரமான்னு மியூசியம் மேலதிகாரி போன வாரம் வாசல்ல நின்னு கத்தினாரே, கேட்கலையா?

— எனக்குக் காது மந்தம்.

— அய்யா...

— தெரியும்மா. ஃபைல் முடிஞ்ச ஆளை வாட்ச்மேன் இந்த ரூம் பக்கமே விடமாட்டான்.

— இதைப் பாருங்க. நம்ம அலமாரியில இருந்தது. ஆறு படம்.

— கொடுங்க, பார்ப்போம்.

— ஒல்லி ஆள், குண்டு ஆள், மீசை முளைக்காத ஆள். ஆறு பேருக்கும் ஒரே கோட்டு. ஆறுலயும் மூணாவது பட்டன் இல்லை. உங்க தாத்தாவுக்கும் இல்லை.

— ம்.

— போட்டோ ஸ்டுடியோக்காரன் ஆணியில மாட்டி வச்சிருந்த கோட்டுய்யா அது. படம் பிடிக்க வந்தவங்கெல்லாம் போட்டுக்கிட்டாங்க. தாத்தா பட்டாளத்துக்கே போகலை. மன்னிச்சிடுங்க.

— எப்பம்மா தெரிஞ்சது?

— ...இரண்டாவது வாரம்.

— அப்போ பன்னிரண்டு வாரமா பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தது?

— வேற என்ன செய்யச் சொல்றீங்க? இந்த ரூமுக்கு வர்றது நீங்க ஒருத்தர்தான். மத்த நாள்ல நான் வாயைத் திறக்கறதே வாட்ச்மேன்கிட்ட சாவி கேட்கத்தான்.

— அவனாவது மனுஷன். என் வீட்டுல நான் ஏதாவது கேட்டா குழாய்தான் சொட்டு சொட்டா பதில் சொல்லுது.

— கோபமா அய்யா?

— இருங்க, பையில இன்னொரு படம் இருக்கு. எங்க பெரியப்பா. இவரும் பட்டாளம்தான். புது ஃபைல் போடுங்க.

— காட்டுங்க... அய்யா, இது உங்க முகம்.

— குடும்ப முகம்.

— கையில உங்க வாட்ச்!

— குடும்பத்து வாட்ச்.

— மூக்குக் கண்ணாடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியுமா?

— ஹி ஹி...

— சிரிக்காதீங்க. உண்மையைச் சொல்லுங்க, இது எந்த ரெஜிமெண்ட் கோட்டு?

— நாற்பது வருஷம் கோட்டு தைச்சவன்மா நான். அந்தக் கோட்டு தாத்தா தோள்ல நிக்கலை, இரவல் கோட்டுன்னு முதல் நாளே பார்த்துட்டேன். மேலதிகாரி கத்தின அன்னைக்கே துணி எடுத்து, என் அளவுக்கு இதை வெட்டித் தைச்சேன். எந்த ரெஜிமெண்ட்டுலயும் இல்லாத கோட்டு... நிதானமாத் தேடுங்க.