பேர் கேட்ட வீடு

சாயங்காலம் அஞ்சே கால் மணி. ஜனவரி மாசம். சியோல்ல அந்த நேரத்துக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும். புக்சோன் மேட்டுல ஒரு சந்து... ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு, நடுவுல கையகல வானம். எதிர்ல ஆள் வந்தா சுவரோட ஒட்டி நிக்கணும். அவ்ளோதான் பாதை.

கிட்ட வந்து உக்காருங்க. கத்திச் சொல்ற கதை இல்ல இது. என்கூட வேலை பார்த்த கும்ஜாவோட தங்கச்சிக்கு நடந்தது. பேரு இன்சுக். நாப்பத்தெட்டு வயசு. அந்தச் சந்துகள்ல ஆளுங்களக் கூட்டிக்கிட்டு நடந்து, ஒவ்வொரு வீடாக் காட்டி அதோட கதையச் சொல்றதுதான் அவ வேலை. ஜனங்க குடியிருக்கிற தெருங்கறதால கையில 'மெதுவாப் பேசவும்'னு ஒரு அட்டை வச்சிருப்பா.

எல்லா வீட்டப் பத்தியும் அவகிட்ட ஒரு சேதி இருக்கும். மூலை வீட்டுக்கு மட்டும் இல்ல. பல வருஷமாப் பூட்டிக் கிடக்குது. யாரு இருந்தாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல. ஆனா படம் எடுக்க எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. பேசாம நிக்க முடியுமா... அவளே ஒரு கதைய உண்டாக்கிட்டா.

"இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. புருஷன் தெக்க வேலைக்குப் போனான். இன்னிக்கு வந்துடுவான்னு தினமும் சாயங்காலம் அடுப்பு மூட்டி, அடியில அனல விட்டு அறைத் தரையச் சூடாக்குவா. அவன் பங்கு சோத்தக் கிண்ணத்துல மூடி, ஆறாம இருக்கப் போர்வைக்கு அடியில வைப்பா. அவன் வரவே இல்ல."

மூணு வருஷமா இதே கதை. பாதிப் பேர் கண்ணத் தொடச்சுக்குவாங்க. அன்னிக்கு வந்தது வேலையிலிருந்து ஓய்வான வாத்தியாருங்க அஞ்சு பேர். அதுல ஒருத்தர், "கடைசியில வந்தானா இல்லையாம்மா?"ன்னு கேட்டார். அவர் பெண்டாட்டி விடல. "வந்திருந்தா சோத்துக்குத்தான் வந்திருப்பான். உங்கள மாதிரி." எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. இன்சுக்கும் சிரிச்சு வச்சா.

இன்சுக்கோட புருஷன் மான்சிக், தெக்க கோஜே தீவுல கப்பல் கட்டுற வேலைக்குப் போனவர். ஆறு வருஷம் ஆச்சு. மொதல்ல மாசம் ஒரு தடவ வந்தார். அப்புறம் பண்டிகைக்கு மட்டும். அப்புறம் போன். இப்ப அதுவும் இல்ல. சண்டை கிண்டை ஒண்ணும் கிடையாது... சும்மா அப்படியே நின்னு போச்சு.

வாத்தியாருங்கள மேட்டு மேல விட்டுட்டு, மெட்ரோவுக்கு அதே சந்து வழியா இறங்குறா. தனியா. பனி விழ ஆரம்பிச்சிடுச்சு. அவ காலடிச் சத்தமே அவளுக்குக் கேக்கல. மூலை வீடு வந்ததும்... ஒரு வாசனை. பைன் விறகுப் புகை. எல்லார் வீட்டுலயும் கேஸ் இருக்குற தெருவுல யாரு விறகு எரிக்கிறா? கூடவே சோறு வேகுற வாசனை.

கதவுல பூட்டு இல்ல. உள்பக்கம் மரத் தாழ்ப்பா நகருது. ர்ர்ர்... டொக்.

கதவு ஒரு சாண் திறந்துச்சு. முற்றம் முழுக்கப் பனி. ஒரு கால் தடம்கூடப் படாத பனி. அதுக்கு அந்தாண்ட ஒரு அறை. காகிதக் கதவுல மஞ்ச வெளிச்சம். உக்காந்திருக்கிற ஒரு பொம்பள நிழல்.

"வாங்கக்கா."

பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"தினம் வாசல்ல நின்னு என்னப் பத்திப் பேசுறீங்க. உள்ள ஒரு தடவகூட வந்ததில்ல."

நீங்களா இருந்தா ஓடியிருப்பீங்க. ஆனா இன்சுக்... ஒரு வீட்டுக்குள்ளேர்ந்து யாராவது அவள 'வாங்க'ன்னு கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. அதான் போனேன்னு அப்புறம் கும்ஜாகிட்டச் சொன்னாளாம். முற்றத்தத் தாண்டி அறை வாசல் வரைக்கும் போயிட்டா. கதவிடுக்கு வழியாச் சூடு வந்து விரல்ல பட்டுச்சு.

"சோறு மூடி வச்சிருக்கேன். தரையும் சூடா இருக்கு. எல்லாம் நீங்க சொல்றபடியேதான் செய்யுறேன்," அப்படின்னா உள்ள இருந்தவ. "ஒண்ணு மட்டும் நீங்க சொல்லவே இல்லக்கா."

இன்சுக் கதவிடுக்குகிட்டக் குனிஞ்சா. "எ... என்னது?"

"அவரு பேரு. பேரு தெரியாம எப்படிக் கூப்பிடுறது?"

எந்தப் பேரையாவது சொல்லியிருக்கலாம். ஊருல இல்லாத பேரா ஒண்ணு. அவ வாயில வந்தது ஒண்ணே ஒண்ணுதான்.

"மான்சிக்."

உள்ள அந்தக் குரல், மெதுவா, ருசி பார்க்குற மாதிரி... "மான்சிக்... மான்சிக்..." விளக்கு அணைஞ்சுடுச்சு.

எப்படி மெட்ரோவுக்கு வந்து சேந்தோம்னு அவளுக்கே தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்தா, கதவுல அதே துருப்பிடிச்ச பூட்டு.

நாலாம் நாள் கோஜேலேர்ந்து போன். மான்சிக்கோட ஒரே அறையில தங்கியிருந்த பையன்.

"அண்ணி, அண்ணன் அங்க வந்தாரா? மூணு நாளா வேலைக்கு வரல. சாப்பிட உக்காந்தவரு, 'வீட்டுல கூப்பிடுறாங்க'ன்னு எந்திரிச்சுப் போனார். மேல் கோட்டுகூடப் போடல. உங்ககிட்டத்தான் வந்திருப்பாருன்னு நெனச்சோம்."

வரல. சியோல் பஸ்ல ஏறினது வரைக்கும் போலீஸ் கண்டுபிடிச்சுது. அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கல. இன்சுக் கெஞ்சிக் கேட்டதால அந்தப் பூட்டையும் உடைச்சுப் பார்த்தாங்க. உள்ள சரிஞ்ச உத்தரம், கணுக்கால் உசரத்துக்குத் தூசி. வேற ஒண்ணுமில்ல.

வேலைய விட்டுட்டா. ஆனா சாயங்காலமானா கால் அந்தச் சந்துக்குத்தான் போகும். கும்ஜா எவ்ளோ சொல்லியும் கேக்கல. பிப்ரவரி கடைசியில ஒரு நாள்... மூலை வீட்டுக்குள்ளேர்ந்து பேச்சுச் சத்தம். ஒரு பொம்பளக் குரல். ஒரு ஆம்பளக் குரல். கிண்ணத்துல கரண்டி படுற சத்தம். அந்த ஆம்பள சிரிச்சார். இருபது வருஷம் கேட்ட சிரிப்பு, அவளுக்கா தெரியாது?

கதவத் தட்டினா. "நான்தாங்க. இன்சுக்."

பேச்சு நின்னுச்சு.

"வாசல்ல யாரு?"ன்னு அந்த ஆம்பளக் குரல் கேட்டுச்சு.

"யாருமில்லைங்க," அப்படின்னா அந்தப் பொம்பள. "சுத்திப் பார்க்க வர்றவங்க. கொஞ்ச நேரம் நின்னு நம்மளப் பத்திப் பேசிட்டுப் போயிடுவாங்க. நீங்க சாப்பிடுங்க."