பாம்புத் தோட்டா

இரி மகன், இரி. அவசரப்படாத. பெட்டி உள்ளுக்குத்தான் கெடக்கு, கால் முளைச்சி ஓடாது. ஆனா கேட்ட உடன எடுத்துத் தரமாட்டன். வந்தது வந்தாய், கொஞ்சம் கதைச்சிட்டுப் போ.

ஓம், அரசாங்கக் கச்சேரியால உனக்கு லைசன் கெடச்ச கதை கேள்விப்பட்டன். மில்லுக்காரன் ஹமீடுக்கு ரிவோல்வர் வந்திரிக்கி எண்டு சந்தையில மீன் வெட்டுறவனுக்கும் தெரியும்.

எந்தத் தோட்டா நல்லம் எண்டா, எதுக்கு? விளையாட்டுக்குச் சுடவா, ஊட்டுக் காவலுக்கா? அது வேற, இது வேற. தோணி இழுத்துப் போடுற இடத்துக்கு அங்கால கம்புல குரும்பை குத்தி வெச்சிச் சுடுறதெண்டா வெறும் ஈயம் காணும். கை நோகாது, காது அடைக்காது. சூறாவளி அடிச்ச மறு வருசம் முழுக்க நானும் அதத்தான் சுட்டன். அசறு தொழுதிட்டுப் போவன், மஃரிபுக்கு முந்தி வந்திருவன். ஆறுக்கு நாலு குரும்பை விழும்.

ஊட்டுக்கு, செப்பு உறை போட்ட குண்டு மட்டும் வாங்காத. அது கள்ளனையும் தாண்டி, கிடுகு வேலியையும் தாண்டி, பக்கத்து ஊட்டுப் புள்ளையில போய் நிக்கும். நம்மட வளவெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு இரிக்கி.

ஓம் ஓம், பாம்புத் தோட்டா. அதுக்குத்தானே வந்தாய். பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருத்தர் எனக்கு ஒரு ரிவோல்வர்த் துவக்க வித்த நேரம் சேத்துக் குடுத்த பெட்டி. அதுக்குள்ள குண்டு இல்ல, கடுகு மாதிரிச் சன்னம். பாம்புக்குச் சுடுறது. மனிசனுக்குப் பட்டாத் தோல் எரியும், அவ்வளவுதான். உன்ட மச்சான் வேலியப் புடுங்கிப் புடுங்கி நடுறான், காலுல நாலு சன்னம் பட்டா அடங்குவான் எண்டு பாக்கிறாய். முதல் தோட்டா இது, பொறகு அஞ்சும் ஆளக் கொல்லுற பாரமான குண்டு. நானும் அப்புடித்தான் போட்டன்.

நாம வயலுக்காரர், மகன். காவல் வாடியில ரெட்டைக் குழல் துவக்கு வெச்சிப் பழகின ஆக்கள். ஒரு குழலுல குருவிக்குச் சின்னச் சன்னம், மத்தக் குழலுல காட்டுப் பண்டிக்குப் பெரிசு. எந்த விசைய இழுத்தா எது வெடிக்கும் எண்டு விரலுக்கே தெரியும். அந்தப் புத்தியத்தான் நான் இதுக்கும் கொண்டு போனன். உருளையத் தொறந்து, சுத்தியல் விழுற ஓட்டைக்கு நேர பாம்புத் தோட்டாவப் போட்டு மூடினன். முதல்ல அதுதானே வெடிக்கணும்.

வெடிக்காது. நீ விசைய இழுக்கக்குள்ள உருளை முதல்ல ஒரு ஓட்டை சுத்தும், பொறகுதான் சுத்தியல் விழும். நேர இரிந்தது விலகிரும், பக்கத்துல இரிந்தது வெடிக்கும். கடற்கரையில ஆறும் ஒரே ஈயம், எது முந்தி எது பிந்தி எண்டு ஆர் பாக்கிறது? பொலிசுல ஒரு சார்ஜன் மேசையில வெச்சிக் கழட்டிக் காட்டின நேரந்தான் எனக்கு வெளங்கிச்சி.

அப்ப அடுத்த ஓட்டையில போட்டாச் சரி எண்டு செல்றாய். கெட்டிக்காரன். உன்டது எந்தப் பக்கம் சுத்தும்? பாத்தியா, தெரியாது. சிலது இடப்பக்கம், சிலது வலப்பக்கம். உன்ட பொண்டாட்டிக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழம நீ ஜும்ஆவுக்குப் போற நேரம் அவள்ட கையிலதானே இரிக்கும். நானும் என்ட பொண்டாட்டி சுபைறாட கையில குடுத்திட்டுத்தான் போறது. ஓம், உள்ள இரிக்கிறவள்தான். துவக்குக் கதையோட வாறவனுக்கு அவள் தேத்தண்ணி ஊத்தமாட்டாள், குறை நினைக்காத.

எனக்கு ஒரு தம்பி இரிந்தான், ஜெமீல் எண்டு. நீ நிந்தவூரால கலியாணம் முடிச்சி வந்தவன், தெரிஞ்சிரிக்காது. உம்மா மௌத்தாகி அடக்கக்குள்ள அவனுக்கு ஏழு வயசு. நான் மாப்பிள்ளையா இந்த ஊட்டுக்கு வரக்குள்ள அவனையும் கையில புடிச்சிக்கிட்டு வந்தன். சுபைறாதான் சோறு தீத்தி வளத்தாள். அந்தச் சோத்தத் திண்டவன், வாய்க்கால் கூட்டத்துல தண்ணி பங்கிடுற வட்டவிதானைக்கு முன்னால எழும்பி நிண்டு, கூடப் பொறந்த காக்காதான் மடைய வெட்டித் தண்ணியத் திருப்பினார் எண்டு சென்னான். ஒரு போகம் எனக்குத் தண்ணிய மறிச்சிப் போட்டாங்க. நாவிதன்வெளியில வேளாமை கண்ணுக்கு முன்னால கருகிச்சி. நான் வெட்டினனா எண்டு கேக்காத. வெட்டினாத்தான் என்ன? காக்காவ ஊருக்கு முன்னால காட்டிக் குடுக்கிறதா? ஒம்பது வருசம் அவனோட கதைக்கல்ல. முன் கேட்டுக்குப் பூட்டுப் போட்டன். இப்பவும் அவன அடக்கின மையவாடியத் தாண்டிப் போகக்குள்ள அந்தப் பக்கம் திரும்பிறல்ல.

நான் பள்ளிக்குத் தொழப் போற நேரம் பாத்து, அவன் பின் வேலியால வந்து மதினியோட கதைச்சிட்டுப் போறானாம். அதக் கேள்விப்பட்ட அண்டைக்குத்தான் அந்தப் பெட்டியத் தொறந்தன். கள்ளனுக்கில்ல மகன், அவனுக்குத்தான். தேத்தண்ணிக் கடையில எல்லாருக்கும் கேக்கச் சென்னன், முதல் வெடி ஜெமீல்ட காலுக்கு, நொண்டிக்கிட்டுப் போகட்டும் எண்டு. சுபைறாக்கிட்டயும் சென்னன், பயப்படாமச் சுடு, ஒண்டும் ஆகாது, சுடல்ல எண்டா நான் இந்த ஊட்டுல இரிக்கமாட்டன் எண்டு.

அந்த வெள்ளி ஜும்ஆ முடிஞ்சி வாறன், வேலிக்கரையில ஊரே நிக்கிது. காலுக்குப் புடிச்சது அடிவயித்துல பட்டிரிக்கி. துவக்குப் புடிச்சிப் பழகாத கை. அசறுக்கு முந்தி மௌத்தாயிட்டான். கோட்டுல வழக்கத் தவறுதல் எண்டு முடிச்சாங்க. துவக்கக் கச்சேரி எடுத்திட்டுது. பெட்டிய ஆரும் கேக்கல்ல.

அவன் ஓடியிரிக்கலாம் மகன். துவக்கக் கண்டா மனிசன் ஓடுவான்தானே. ஓடல்ல. நான் கடையில சென்ன கதை அவன்ட காதுக்கும் போயிரிக்கி. சாரத்த முழங்காலுக்கு மேல தூக்கிக் காட்டி, சுடுங்க மதினி, காக்காட பாம்புத் தோட்டாதானே, கடிச்சாக் கடிக்கட்டும் எண்டானாம். அவளும் சிரிச்சிக்கிட்டுத்தான் இழுத்தாளாம்.