கருங்குழி டானிக்

"கால் மரத்துப் போவுதுன்னு சொல்லவா, கை மரத்துப் போவுதுன்னு சொல்லவா?"

செய்யூரிலிருந்து செங்கல்பட்டு போகும் காலைப் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடியிலிருந்த ஒயர் கூடையில் கழுவிக் காயவைத்த டானிக் பாட்டில்கள் மூன்று, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு குடை. பக்கத்தில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த இளையவள் சிரித்துவிட்டாள்.

"இன்னாக்கா, நெசமா எதுதான் மரத்துப் போவுது?"

"ஒண்ணும் இல்லடி. கருங்குழி வைத்தியரம்மா குடுத்த மூலிகை டானிக்ல கால் ஜில்லிப்புகூட போயிடுச்சு. ரத்த ஓட்டம் நல்லா கீது, இனிமே வர வேணாம்னுட்டாங்க."

"நல்லதுதானே? அப்பறம் ஏன் கருங்குழிக்குப் போய்கினு கீற?"

"அந்தம்மா நாடி பாக்கக் கையப் புடிச்சா சீக்கிரத்துல வுடாது. சாப்ட்டியா, தூங்கினியான்னு கேட்டுகினே இருக்கும்."

"வூட்டுல யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அவரு செத்தப்பறம் வூட்டுல யாரு கீறா? போன வாரம் பூரா என்னாண்ட பேசினது இந்தக் கண்டக்டரு ஒருத்தன்தான். 'உள்ள போம்மா'ன்னான்."

இளையவள் இந்த முறை சிரிக்கவில்லை. பஸ் மதுராந்தகம் தாண்டியது. கருங்குழி நெருங்கியதும் மூத்தவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கைன்னே சொல்லுக்கா," என்றாள் இளையவள். "ஒரு கைன்னு சொல்லாத. ரெண்டு கையும்னு சொல்லு."