ஆடை கட்டிய புண்

அவைத் தலைமையை அழகு செய்யும் மருத்துவர் சிவகுருநாதன் அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! சர்க்கரை போடாத தேநீரைச் சபித்தபடியே குடித்து முடித்த என் அருமைத் தாய்மார்களே! கிள்ளான் ஆய்வுக்கூடம் ஒன்றில் கிருமிகளோடு குடித்தனம் நடத்தும் இந்தக் குணபூசணியின் பணிவான வணக்கம்.

செந்தூல் ரயில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் அம்புரோஸ் அண்ணன். சர்க்கரை நோயாளி. போன ஆண்டு வலது பாதத்தில் ஒரு புண். மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் ஆறவில்லை. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். அண்ணன் விடுவாரா? "என்ன லா டாக்டர், வெட்டுறதுக்கு இது என்ன வாழமரமா?" என்று கேட்டவர், வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார்.

அந்தப் புண்ணைத் துடைத்த பஞ்சு என் மேசைக்கு வந்தது. அதில் இரண்டு வகைக் கிருமிகள்! இரண்டையும் ஆய்வுக்கூடத்தின் ஒரே கண்ணாடித் தட்டில் வளர்த்தேன். ஒன்று நஞ்சைக் கக்கியது; மற்றொன்று மடிந்தது. தட்டில் பகைவர்கள், பாதத்தில் மட்டும் எப்படிப் பங்காளிகள்? முன்வரிசையில் சிரிக்கிறீர்கள்! உங்கள் வீட்டிலும் பங்காளிகள் உண்டு போலிருக்கிறது.

விடை தேடி மருத்துவமனையில் கட்டுப் போடும் அறைக்கே போனேன். அங்கே அண்ணனின் மனைவி சாந்தமேரி அக்கா தாதியின் கையைத் தடுத்துக்கொண்டு நிற்கிறார். "தொடாதீங்க மிஸ்! பாலு மேல கட்டுற மாதிரி ஆடை கட்டியிருக்கு பாருங்க. தோலு வருது லா. நாந்தான் பொத்திப் பொத்திப் பாத்துக்கிறேன்."

ஆடை! எத்தனை அழகான சொல், எத்தனை ஆபத்தான ஆடை! அது தோலன்று, தாய்மார்களே. கிருமிகள் பசை சுரந்து தமக்குத் தாமே நெய்துகொண்ட ஆடை. அதற்குள்ளே தனித்தனிக் குடியிருப்பு. ஒன்றின் நஞ்சு மற்றொன்றை எளிதில் எட்டாது. ஒன்றின் கழிவே மற்றொன்றுக்கு உணவு. வெளியே சண்டை, உறைவிடத்துக்குள் உடன்பாடு! நாம் கொடுத்த மருந்தோ வாசலிலேயே நின்றுவிட்டது.

என்ன கேட்கிறீர்கள், ஐயா? அக்காவைத் திட்டினேனா? திட்ட மனம் வருமா? "அப்ப நானாம்மா இத வளத்தேன்?" என்று கலங்கினார். "இல்லக்கா, பாசத்துல மூடி வச்சீங்க, அவ்வளவுதான்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கணவரின் காலைப் பிடித்தார். தாதி அந்த ஆடையை வழித்தார், புண்ணைக் கழுவினார், மருந்து உள்ளே போனது. அண்ணன் வாய் சும்மா இருந்ததா? "மேரி, பாத்து லா! காலையும் சேத்து சொரண்டிடப் போறாங்க!" வாரந்தோறும் இதே கூத்து.

அன்பு என்றால் மூடுவதுதானா? அஞ்சுவதுதானா? மூடிய பாசம் போதும், என் மக்களே! இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவரின் காலைப் பாருங்கள், மனைவியின் காலைப் பாருங்கள், கூசாமல் பாருங்கள்! புண்மேல் வழவழப்பாய் எதைக் கண்டாலும் தோல் என்று மகிழாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்!

அந்தக் கால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நான் ஏன் சொல்ல வேண்டும்? அம்புரோஸ் அண்ணே, எழுந்து வாங்க! தொண்டர்களே, கை கொடுக்காதீர்கள். வழி மட்டும் விடுங்கள். அவரே படியேறட்டும். இதோ, இடது கால்! இதோ, வலது கால்! சாந்தமேரி அக்கா, அழாதீங்க, கை தட்டுங்க!

இந்த இரண்டு பாதங்களின் ஓசைக்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.