பிடோக் கடற்கரையில் தோண்டக்கூடாது

இட்லிமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. காலையில் நாலு இட்லி, கொஞ்சம் சட்னி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. இல்லாவிட்டால் மீதியைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

கடற்கரைப் பராமரிப்பு அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர் என்பது உங்களுக்கே தெரியும். கடற்கரைகளில் நிற்கும் அறிவிப்புப் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரத் துரை, நான் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். இந்தத் தீவுக்குச் சுயாட்சி வந்தது, அவர் கப்பலேறிவிட்டார், நீங்கள் வந்தீர்கள். வந்ததும் பிடோக் கடற்கரையில் ஏன் இத்தனை தடைகள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

என் மனைவி சந்திரமதி தங்கமானவள். அவள் வைக்கும் மீன்குழம்புக்காகவே பபலோ ரோட்டில் பாதிப் பேர் எங்களோடு சண்டை போடாமல் இருக்கிறார்கள். இட்லி மட்டும்தான் அவளுக்குக் கைவரவில்லை. எங்களுக்குக் கடைவீட்டின் மாடியில் குடித்தனம். ஒருநாள் என் தட்டிலிருந்து ஒரு இட்லி நழுவித் தரையில் விழுந்தது. கீழே மளிகைக்கடை வைத்திருப்பவர் ஏறிவந்து, மேலே யாருக்கும் அடிபடவில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கல்யாணமான மறுநாள் காலையே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் புதுப்பெண், தட்டை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரமாதம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அதுதான். இடையில் ஒருநாள் நிறுத்தி, இது கல் என்று சொன்னால், அத்தனை வருஷமும் நான் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன். அவள் மனம் என்ன பாடுபடும். பிறர் மனம் நோக நடப்பது என் சுபாவத்திலேயே கிடையாது.

சீதனமாக வந்த பித்தளை இட்லிக் கொப்பரையில்தான் அவள் உயிரே இருந்தது. நம்மவர்கள் வழக்கப்படி அதன் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக அவள் பெயரை வெட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்து அறையில் லீலா என்று ஒரு பெண், புருஷனை இழந்தவர், ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைத்துவந்தார். ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருக்கிறதென்று அந்தக் கொப்பரையை இரவல் வாங்கிப் போனார். திருப்பிக் கொடுக்க வந்தபோது சந்திரமதி கோயிலுக்குப் போயிருந்தாள். புளிபோட்டுப் பளபளவென்று துலக்கிக் கொண்டுவந்திருந்தார். வாங்கி வைத்தவன் நான்.

அதை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பிடோக் கடற்கரையைப் பார்வையிடுவது என் அலுவல்களில் ஒன்று. பஸ்ஸில் ஒருவர் சாக்கைத் தட்டிப் பார்த்து, விசேஷமா என்று கேட்டார். ஈயம் பூசக் கொண்டுபோகிறேன் என்றேன். ஏன் கடலில் எறியவில்லை என்று கேட்பீர்கள். எறிந்தேன். மூடி இறுக்கமாக இருந்ததால் ஆடி அசைந்து மிதந்து என் காலடிக்கே திரும்பி வந்தது. ஆகவே ஒரு தென்னை மரத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். முதல் தடவை என்பதால் குழி கொஞ்சம் கோணலாக வந்தது.

லீலா கொப்பரையைத் திருப்பிக் கொடுத்தாளா என்று சந்திரமதி என்னிடம் கேட்டாள். நான் பார்க்கவில்லையே என்றேன். உங்க வீட்டு அண்ணன் கையிலதானே குடுத்தேன் என்று லீலா வந்து சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அவரைப் பார்த்து வருத்தமாக ஒரு சிரிப்புச் சிரித்தேன், அவ்வளவுதான். அவரைப் பற்றி என் வாயால் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை.

அடுத்த கொப்பரை கும்பகோணத்திலிருந்துதான் வரவேண்டும் என்றாள் சந்திரமதி. இங்கே சிராங்கூன் ரோட்டில் விற்பதெல்லாம் தகரமாம். கப்பலில் தெரிந்தவர்கள் யாராவது வரும்வரை காலையில் எனக்கு ஜமால் முகம்மது கடைப் பரோட்டாதான். உடம்பில் சதை போட்டது. அலுவலகத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினேன். பிறகு கொப்பரை வந்தது. அதையும் முதலாவதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். இந்தத் தடவை குழி நேராக வந்தது.

லீலா அப்போது எங்களோடு பேச்சுவார்த்தையிலேயே இல்லை. அதனாலேயே, வன்மத்தில் எடுத்துவிட்டாள் என்று சந்திரமதி தீர்மானித்துவிட்டாள். தெருவும் தீர்மானித்தது. பாத்திரத்தை எடுப்பவள் துணியை விட்டுவைப்பாளா என்று பெண்கள் ரவிக்கைத் துணி கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய தையல் மெஷின் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன் நான்.

இந்தச் சமயத்தில்தான் சேக் தாவூது பாய் வந்து சேர்ந்தார். பட்டாளத்து முகாமில் லாரி ஓட்டியவர். கண்ணிவெடி தேடுகிற பழைய கருவி ஒன்றைச் சுங்கை ரோடு சந்தையில் வாங்கி, காதில் கேட்பானை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிடோக் மணலைத் தடவிக்கொண்டு நடப்பார். சோடா மூடி, கொண்டை ஊசி, எப்போதாவது மோதிரம். மோதிரம் கிடைத்தால் தொலைத்தவரைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார். அப்படி ஒரு நல்ல மனுஷர்.

"மோதிரத்துல யாரு பேர் போட்டிருக்கு சொல்லுங்க. அலைய வேண்டியிருக்கு லா. பாத்திரம் பண்டம்னா நம்ம ஆளுங்க பேர் வெட்டியிருப்பாங்க. நேரா வீட்டு வாசல்லயே கொண்டு போய் வச்சிருவேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

மறுநாளே விதி எழுதினேன். பொதுக் கடற்கரையில் உலோகம் தேடும் கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது. துரை கையெழுத்திட்டார். பலகையை எங்கே நடுவது என்று ஆட்கள் கேட்டார்கள். தென்னை மரத்துக்குப் பக்கத்தில் இடத்தை நானே காட்டினேன், குழியையும் நானே தோண்டிக் கொடுத்தேன். தலைமை எழுத்தர் வேர்வை சிந்துகிறாரே என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

பாய் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். கருவியை வீட்டில் வைத்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார். ஒரு சாணுக்குமேல் தோண்டக்கூடாது என்று எழுதினேன். மட்டிச் சிப்பி பொறுக்க வந்த மலாய்ப் பெண்கள், தாங்கள் தோண்டுவது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டார்கள். நியாயம்தானே, அதையும் சேர்த்தேன். பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதும் தோண்டுவதுதான். குடைக்கம்பு ஊன்றினாலும் மணல் துளைபடுகிறது. ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் நாய் பலகையடியில் பிறாண்டுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குப் பிறகு, நாயோடு வருபவர்கள் அதைக் கையில் தூக்கிக்கொண்டேதான் நடக்கவேண்டும் என்று விதி வந்தது. அதைத்தான் நீங்கள் கிறுக்குத்தனம் என்கிறீர்கள். காரணம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

மூன்றாவது கொப்பரை வந்தது. லீலா எடுக்கத் துணியக்கூடாதென்று சந்திரமதி அதில் தன் பெயரோடு என் பெயரையும் வீட்டு எண்ணையும் வெட்டவைத்தாள். முழு விலாசம். தபாலில் போட்டால்கூட வீடு வந்து சேர்ந்துவிடும். ஆனால் இந்தத் தீவிலேயே யாரும் தோண்டமுடியாத இடம் ஒன்று என் கைவசம் இருந்தது. ஆகவே கவலைப்படாமல் அதையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன்.

கடலுக்கு மட்டும் விதி எழுத வழியில்லை. இந்த மழைக்காலத்தில் அலை ஏறிவந்து கரையை அரித்து, பலகையைச் சாய்த்துவிட்டது. பலகை நின்ற குழியில் கொப்பரைகள் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தனவாம். தாவூது பாய் தோண்டவில்லை. குனிந்து எடுத்தார், அதற்குத் தடை இல்லை. ட்ரைஷா வண்டியில் ஏற்றி, சொன்னபடியே எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். அலுவலகப் பலகைக்குக் கீழே எப்படி இருந்தன என்று உங்களிடம் வந்து கேட்டவரும் அவர்தான்.

தெருவே கூடிவிட்டது. லீலாவும் கழுத்தில் அளவுநாடாவோடு இறங்கி வந்தார். கொப்பரைகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, இப்பவாச்சும் அண்ணனைக் கேளுங்க" என்றார்.

சந்திரமதி என்னைப் பார்த்தாள். கல்யாணமான மறுநாள் தட்டை வைத்துவிட்டுப் பார்த்தாளே, அதே பார்வை. "ஏங்க, இதெல்லாம் எப்படிங்க அங்க போச்சு?"

உண்மையைச் சொல்ல ஒரு வாய் வார்த்தை போதும். ஆனால் அத்தனை பேர் நடுவில் அவளுடைய இட்லியைப் பற்றி எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

"அதை லீலாகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

இதுதான் நடந்தது. எடுத்தவன் நான், புதைத்தவன் நான், பலகை நட்டவனும் நான். நீங்கள் எழுதிக்கொண்ட இந்தக் காகிதம் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று நீங்கள் வாக்குக் கொடுத்ததால்தான் சொன்னேன். வேலையை விட்டு நீக்கினாலும் சரி, சந்திரமதிக்கு மட்டும் தெரியவேண்டாம்.

லீலா இன்று காலை அறையைக் காலி செய்துவிட்டார். ஜொகூரில் யாரோ தூரத்துச் சொந்தமாம். தெருவில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. தையல் மெஷினை மாடியிலிருந்து சுமந்து இறக்கி லாரியில் வைத்தவன் நான்தான். நல்ல கனம். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார். பரவாயில்லை, நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.