உப்புத் தட்டில் பதிந்த பெருவிரல்

பெயர் துரைராசு, வயது 27, தகப்பனார் பெயர் கலியபெருமாள், ஊர் பூதலூர், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். 17.8.1974 காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் நானாக ஆஜராகிச் சொல்வதாவது:

என்னுடன் ஆராய்ச்சி செய்யும் ஜெயா, எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்த எல்லையம்மாளின் மகள். 1970இல் குத்தகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய காகிதத்தில் என் தகப்பனார் எல்லையம்மாளிடம் கைரேகை வாங்கினார். வாசித்துக் காட்டவில்லை. மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஊரில் என்னைச் சின்னய்யா என்பார்கள். மேற்படி ஜெயா கல்லூரியில் என்னைத் துரைராசு என்றே கூப்பிடுவார்.

உலோகம் கரிமப் பொருளோடு எப்படிப் பிணைகிறது என்று அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்ப்பது எங்கள் இருவர் வேலையும். மூன்று வருடம் தாமிரத்தோடு மல்லுக்கட்டியும் எனக்கு ஒன்றும் தேறவில்லை. மேற்படி ஜெயா, தாயார் இழந்த அதே வயலின் மண்ணிலிருந்து எடுத்த அமிலத்தில் துத்தநாகத்தைச் சேர்த்து 12ந் தேதி வரைபடம் எடுத்தார். வரைபடத்தில் 1700 என்ற அளவில் வரும் அமிலத்துக்குரிய கோடு மறைந்து 1590இல் புதுக்கோடு எழும்பியிருந்தது. வயலில் போடும் துத்தநாகம் பயிருக்குப் போகாமல் மண்ணின் அமிலத்தில் சிக்குகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பேராசிரியர் அந்தத் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு 14ந் தேதி காலை, மேற்படி ஜெயா வரைபடத்தை மறுபடி எடுத்துச் சரிபார்க்க இருந்த சமயம், மாதிரியை வைக்கும் தட்டுகள் உப்பால் ஆனவை, ஈரம் பட்டால் கரையும் என்று தெரிந்தே, பெருவிரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு தட்டின் நடுவில் அழுத்தினேன். அதன் பிறகு எடுத்த வரைபடம் குழம்பிப்போனது. தட்டுகளைத் துடைத்து வைக்கும் உதவியாளர் வீரையன்மீது பழி விழுந்து, கல்லூரி கொடுத்த புகாரில் அவரை இந்த நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று மேற்படி ஜெயா அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். ரேகை அரித்துப் பதிந்திருந்தது. குறுக்கே என் விரலில் உள்ள கண்ணாடி வெட்டுத் தழும்பும் தெரிந்தது. "வீரையண்ணன் விரல்ல இந்தத் தழும்பு இல்ல, துரைராசு. நான் யார்கிட்டயும் காட்டல. நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் உடனே காட்டிக்கொடுத்திருப்பேன்.

வீரையன்மீது குற்றம் இல்லை. மேலே கண்டதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னேன். எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சொன்னபடியே இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். தட்டோடு ஒப்பிட ரேகையும் வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னதால், ஏட்டு தங்கையன் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதையும் வைக்கிறேன்.

(ஒப்பம்) க. துரைராசு
வலது பெருவிரல் ரேகை